வாடகை கொடுத்த மந்திரவாதி

ஒருவர் ஒரே தொடரில் பத்துப் பன்னிரண்டு புத்தகங்களை ராத்தூக்கம் கெட்டுப் படித்திருப்பார். அடுத்த புத்தகம் வந்ததும் முதல் நாளே வாங்கியும் விடுவார். அறுபது எழுபது பக்கத்தோடு அது மேஜையில் குப்புறக் கிடக்கும். மறுபடி எடுக்கக் கை வராது. அர்பன் ஃபேண்டஸி தொடர்கள் படிக்கிறவர்களோடு டீக்கு உட்கார்ந்தால் பேச்சு எப்படியும் இங்கே வந்து நிற்கும். "எனக்கு ஏதாவது ஆகிவிட்டதா, இல்லை எழுத்தாளருக்கு ஆகிவிட்டதா?" என்று கேட்பார்கள்.

இரண்டுமே இல்லை என்பது என் கட்சி. இந்த வகைக் கதையின் அமைப்பிலேயே அந்தச் சலிப்புக்கு விதை இருக்கிறது. அதைச் சொல்லக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள். முக்கியமான திருப்பங்களை மறைத்துக்கொண்டு இதைப் பேச முடியாது. ஜிம் புட்சரின் 'டிரெஸ்டன் ஃபைல்ஸ்' தொடரை இனிமேல்தான் படிக்கப்போகிறீர்கள் என்றால், இந்தப் பக்கத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

முதலில், அர்பன் ஃபேண்டஸி என்றால் என்ன? மாயமும் மந்திரமும் வேறொரு உலகத்தில் நடக்காமல், பஸ் ஓடுகிற, மின்கட்டணம் வருகிற நம் காலத்து நகரத்தில் நடக்கும் கதை. 1987-இல் எம்மா புல் எழுதிய 'வார் ஃபார் தி ஓக்ஸ்' நாவலில் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்து ராக் பாடகி ஒருத்தி தேவதைகளின் போரில் மாட்டிக்கொள்கிறாள். 1993-இல் லாரல் கே. ஹாமில்டன், செயின்ட் லூயிஸ் நகரத்தில் ரத்தக்காட்டேரிகளுக்குச் சட்டப்படி உரிமைகள் கிடைத்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்து அனிடா பிளேக் தொடரைத் தொடங்கினார். 2000-இல் புட்சரின் முதல் நாவல் 'ஸ்டார்ம் ஃப்ரண்ட்' வந்தது. ஊர் சிகாகோ.

அதன் நாயகன் ஹாரி டிரெஸ்டன் நிஜமான மந்திரவாதி. டெலிபோன் டைரக்டரியில் 'மந்திரவாதிகள்' என்ற தலைப்பின் கீழ் இருப்பது அவன் பெயர் ஒன்றுதான். தொழில், தனியாகத் துப்பறிவது. ஆபீஸ் வாடகை பாக்கி நிற்கிறது. அவன் பக்கத்தில் போனாலே நவீன எந்திரங்கள் பழுதாகிவிடும் என்பதால் வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை, ஹீட்டர் இல்லை. சிகாகோ குளிரில் பச்சைத் தண்ணீரில் குளியல், மெழுகுவத்தியில் படிப்பு. கார், ஒரு பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டில். கதவும் பானெட்டும் மாற்றி மாற்றிப் போட்டதில் நீல வண்டியின் பாதி வேறு வேறு நிறமாகிவிட்டது, பெயர் மட்டும் 'ப்ளூ பீட்டில்' என்றே நிற்கிறது. சிகாகோ போலீசில் யாருக்கும் பிடிபடாத கேஸ்களைத் தள்ளிவிடுவதற்கென்றே ஒரு சிறு பிரிவு உண்டு. அதன் தலைவி காரின் மர்ஃபி, ஏதாவது விபரீதமாக நடந்தால் ஹாரிக்குப் போன் போடுவாள்.

இந்தப் பட்டியலில் மந்திரம் எவ்வளவு, வாடகை எவ்வளவு என்று பாருங்கள். வாடகைதான் அதிகம். வாசகர் மயங்கியது இங்கேதான். இரவில் பேயோடு மல்லுக்கட்டியவன் காலையில் வீட்டுக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டும். அந்தக் காலை இருப்பதால்தான் இரவை நாம் நம்புகிறோம்.

இனி அமைப்புக்கு வருவோம். இந்தக் கதைகளுக்குத் தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று. ஒரு பக்கம் துப்பறியும் கதை. இன்னொரு பக்கம் காவிய பாணி மாயக்கதை. துப்பறியும் கதை வழக்கை நம்பி இருப்பது. வழக்கு வரும், முடியும், துப்பறிகிறவர் அப்படியே இருப்பார். அகதா கிறிஸ்டி தம் பாய்ரோவை 1920-இல் அறிமுகம் செய்தபோதே அவர் போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய கடைசி வழக்கைச் சொல்லும் 'கர்ட்டன்' 1975-இல் வெளியானது. ஐம்பத்தைந்து வருஷக் கணக்குப் போட்டால் மனிதருக்கு நூறு தாண்டியிருக்க வேண்டும். யாரும் கணக்குக் கேட்கவில்லை. நம் தமிழ்த் துப்பறியும் கதைகளின் கணேஷும் வசந்தும் எத்தனை வழக்கு பார்த்தும் கிழவர்களாகவில்லையே, அதே ஏற்பாடுதான். காவியக் கதை இதற்கு நேர் எதிர். நாயகன் வளர வேண்டும், இழக்க வேண்டும், எதிரி முன்பைவிடப் பெரியவனாக வர வேண்டும், கடைசியில் உலகமே தராசில் ஏற வேண்டும். 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' முடிவை நோக்கி நடக்கிற கதை. ஃப்ரோடோவுக்கு அடுத்த மாசம் இன்னொரு மோதிரம் வராது.

அர்பன் ஃபேண்டஸி இந்த இரண்டு மாடுகளையும் ஒரே வண்டியில் பூட்டியது. ஒன்று தொழுவத்தைப் பார்த்து இழுக்கும், மற்றது மலையைப் பார்த்து இழுக்கும். நாலைந்து புத்தகம் வரை இந்த இழுபறியே வண்டிக்கு வேகம். வழக்கும் முடிகிறது, பின்னணியில் பெரிய கதையும் ஓரடி நகர்கிறது என்று இரட்டை லாபம். ஆனால் மலையைப் பார்க்கிற மாடு புத்தகத்துக்குப் புத்தகம் கொழுக்கும். நாயகன் ஒரு சக்தியைக் கற்றுக்கொண்டால் அடுத்த கதையில் அதை மறந்துவிட முடியாது. எதிரி அதைவிடப் பெரிதாக இருந்தே ஆக வேண்டும். ஒரு கட்டத்தில் வாடகைப் பிரச்சினை அவனுக்குப் பொருட்டாகவே இருக்க முடியாது. உலகத்தைக் காப்பாற்றப் போகிறவனிடம் போய் வீட்டுக்காரர் என்ன கேட்பார்?

டிரெஸ்டன் தொடரில் இதைப் புத்தகம் புத்தகமாகக் காட்டலாம். ஏழாவது நாவல், 2005-இல் வந்த 'டெட் பீட்'. அந்தத் தொடரில் முதலில் கெட்டி அட்டையில் வெளியானது அதுதான். சிகாகோவின் ஃபீல்ட் மியூசியத்தில் 'சூ' என்று பெயரிட்ட டைரனோசரஸ் எலும்புக்கூடு நிஜமாகவே இருக்கிறது. 1990-இல் தெற்கு டகோட்டாவில் கிடைத்தது. 1997 ஏலத்தில் 80 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து மியூசியம் வாங்கியது. மக்கள் பார்வைக்கு 2000-இல் வைத்தார்கள். ஹாரி அந்த டைனோசரை உயிர்ப்பித்து, அதன் முதுகில் ஏறிச் சிகாகோ தெருவில் போகிறான்.

சொன்னால் கேலிக்கூத்தாக இருக்கும். படிக்கும்போது அப்படித் தோன்றாததற்குக் காரணம், புட்சர் அதற்கு முன்பே அடித்தளம் போட்டு வைத்திருப்பதுதான். செத்த மனிதரை எழுப்புவது மந்திரவாதிகளின் சட்டத்தில் மரண தண்டனைக்குரிய குற்றம். மிருகத்தை எழுப்பச் சட்டத்தில் இடம் இருக்கிறது. பிணம் எவ்வளவு பழையதோ அவ்வளவு பலம். எழுப்பியதைக் கட்டுக்குள் வைக்க நெஞ்சுத் துடிப்பு மாதிரி ஒரு தாளம் விடாமல் ஒலிக்க வேண்டும். அந்தத் தாளத்தைப் போடுகிறவர் பட்டர்ஸ் என்கிற, பிணப் பரிசோதனை செய்கிற பயந்த சுபாவ டாக்டர். உபயம், அவர் பொழுதுபோக்காக வாசிக்கும் போல்கா இசையின் டிரம். தொடரின் ஆகப் பெரிய மந்திரம் ஒரு போல்கா டிரம்மை நம்பித் தொங்குகிறது. நகரமும் மாயமும் இதைவிட நெருக்கமாகக் கை கோத்துக்கொள்ள முடியாது.

அடுத்து, பன்னிரண்டாவது நாவல் 'சேஞ்சஸ்', 2010. அந்த ஒரே புத்தகத்தில் ஆபீஸ் இருந்த கட்டடம் வெடித்துச் சிதறுகிறது, ப்ளூ பீட்டில் நசுங்குகிறது, வீடு எரிகிறது. தனக்கு ஒரு மகள் இருக்கிறாள் என்பதே ஹாரிக்கு அப்போதுதான் தெரிகிறது. அவளைக் காப்பாற்ற, பனிக்கால தேவதை ராணிக்கு அடியாளாக இருக்கச் சம்மதிக்கிறான். மகளின் தாயைத் தன் கையாலேயே கொல்ல நேர்கிறது. கடைசிப் பக்கத்தில் அவனையே யாரோ சுட்டுவிடுகிறார்கள். படித்தவர்கள் உறைந்துபோனார்கள், நியாயம்தான். தொடரின் உச்சம் இது என்று சொல்கிறவர்கள் ஏராளம்.

ஆனால் விலை என்ன என்பது அடுத்த புத்தகங்களில்தான் தெரிந்தது. 'கோஸ்ட் ஸ்டோரி'யில் ஹாரி ஆவியாக அலைகிறான். 'கோல்ட் டேஸ்' நாவலில் மிச்சிகன் ஏரிக்குள் இருக்கும் மாயத் தீவு அவனுக்கு இருப்பிடமாகிறது. வாடகை கிடையாது, வீட்டுக்காரர் கிடையாது, பஞ்சர் ஆகிற கார் கிடையாது. சிகாகோ தூரத்தில் தெரியும் ஒரு விளக்கு வரிசையாகிவிட்டது.

பதினைந்தாவது நாவலான 'ஸ்கின் கேம்', 2014, இந்த வாதத்துக்கு நல்ல சாட்சி. ஆவியோடும் தீவோடும் சோர்ந்துபோன பலரை அது திரும்ப அழைத்து வந்தது. அதில் கதை, ஒரு பெட்டகத்தை உடைத்துத் திருடுவது. பெட்டகம் கிரேக்க மரண தேவன் ஹேடிஸுடையது என்பது உண்மை. ஆனாலும் ஒரு குழு, ஒரு திட்டம், ஒரு கெடு, ஒரு துரோகம் என்று கதை வழக்கின் அளவுக்குச் சுருங்கியது. சுருங்கியதும் பழைய ருசி வந்துவிட்டது.

பிறகு ஆறு வருஷ இடைவெளி. 2020 ஜூலையில் 'பீஸ் டாக்ஸ்', செப்டம்பரில் 'பேட்டில் கிரவுண்ட்'. ஒரே நாவலாகத் தொடங்கியது நீண்டுபோய் இரண்டாகப் பிரிந்தது. இரண்டாவது புத்தகம் ஏறக்குறைய முழுக்க ஒரே ராத்திரிப் போர். மர்ஃபி அதில் சாகிறாள். எந்த ராட்சசனும் கொல்லவில்லை, பதறிப்போன பழைய சக போலீஸ்காரன் ஒருவனின் துப்பாக்கி வெடித்துச் சாகிறாள். ஊர் முழுக்கக் கண்ணால் பார்த்த பிறகு மாயம் இனி ரகசியமும் இல்லை. மர்ஃபி வெறும் தோழி என்று நினைத்தால் இந்தச் சாவின் கனம் புரியாது. ஹாரியின் கதையில் நகரத்தின் பிரதிநிதி அவள். ஃபைல், ஷிஃப்ட், மேலதிகாரி, அம்மா வீட்டுக் குடும்பச் சண்டை எல்லாம் அவள் வழியாகத்தான் வந்தன. அந்தப் புத்தகத்தோடு நிறுத்திக்கொண்ட வாசகர்களுக்கு ஏன் நிறுத்தினோம் என்று சொல்லத் தெரியாமல் இருக்கலாம். காரணம் எளிது. அவர்கள் எதற்காக வந்தார்களோ அது கதையை விட்டுப் போய்விட்டது.

இதில் புட்சரைக் குற்றம் சொல்ல மாட்டேன். இருபது சொச்சம் வழக்குக் கதைகள், முடிவாக ஊழிக்காலம் பற்றி மூன்று நாவல்கள் என்று அவர் ஆரம்பத்திலிருந்தே சொல்லி வந்திருக்கிறார். மலைக்குப் போகிற வண்டி என்று பலகை மாட்டித்தான் கிளப்பினார். நாம்தான் தொழுவத்து வாசனைக்காக ஏறினோம்.

எல்லாத் தொடரும் இப்படியே உடைவதில்லை. அனிடா பிளேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1993-இல் வந்த 'கில்ட்டி பிளஷர்ஸ்' நாவலில் அனிடாவின் சம்பளம், செத்தவர்களை எழுப்பித் தரும் ஒரு கம்பெனியில். உயில் தகராறு என்றால் செத்தவரையே எழுப்பிக் கேட்டுவிடலாமே! கூடவே, கொலைகார ரத்தக்காட்டேரிகளுக்குத் தண்டனை நிறைவேற்றச் சட்டப்படி உரிமம். வேலை, சட்டம், போலீஸ் விசாரணை என்று எல்லாம் கறாராக நடக்கும். 2001-இல் வந்த பத்தாவது நாவல் 'நார்சிசஸ் இன் செயின்ஸ்' அவளுக்கு உடலுறவால் மட்டுமே தணியும் ஒரு மாயப் பசியைக் கொடுத்தது. அதன் பிறகு படுக்கையறை நடுக்கூடமாகி, கொலை விசாரணை திண்ணைக்குப் போனது.

இங்கே ஒழுக்கப் பிரசங்கம் வேண்டாம். அந்த மாற்றத்துக்காகவே வந்து சேர்ந்தவர்களும் உண்டு. தொடர் அதற்குப் பின்பும் இருபது வருஷத்துக்கு மேல் ஓடியது. துப்பறியும் அலமாரியில் இருந்த புத்தகம் காமக்கதை அலமாரிக்கு இடம் மாறியது, அட்டையில் பெயர் மட்டும் மாறவில்லை. பழைய அலமாரியில் தேடியவருக்குக் கை வெறுமையாகத் திரும்பியதில் ஆச்சரியம் என்ன?

அப்படியானால் வழக்கையே பிடித்துக்கொண்டால் பிழைக்கலாமா? பென் ஆரனோவிச்சின் 'ரிவர்ஸ் ஆஃப் லண்டன்' அதைச் சோதித்துப் பார்த்த தொடர் என்றே சொல்லலாம். 2011-இல் வந்த முதல் நாவலில் பீட்டர் கிராண்ட் என்ற இளம் கான்ஸ்டபிள், கோவென்ட் கார்டனில் நடந்த கொலைக்கு ஓர் ஆவியிடம் சாட்சி வாக்குமூலம் எடுக்கிறான். அதற்கு முன்பு அவனுடைய பெரிய கவலை, தன்னைக் காகித வேலை பார்க்கும் பிரிவில் உட்கார்த்திவிடுவார்களே என்பது. லண்டன் நதிகள் ஒவ்வொன்றும் ஒரு மனித உருவில் வருகின்றன. தேம்ஸ் அம்மன், நைஜீரியாவிலிருந்து நர்ஸ் வேலை படிக்க வந்த பெண். மந்திரம் பக்கத்தில் இருக்கும் செல்போனின் சிப்பைப் பொடியாக்கிவிடும் என்று தெரிந்ததும் பீட்டர் செய்வது, போனுக்கு பேட்டரியைத் துண்டிக்க ஒரு சுவிட்ச் வைப்பது. இந்தத் தொடரில் லண்டன் ஒரு நாளும் தூரத்து விளக்கு ஆகவில்லை. தெரு, மண், கட்டடக்கலை என்று பீட்டர் அலுக்காமல் பேசுவான்.

இருந்தும் இங்கேயும் சிலருக்குச் சலிப்பு வந்தது. முகமற்ற மனிதன் என்ற எதிரி இரண்டாவது நாவலில் நுழைந்து, ஏழாவதான 'லைஸ் ஸ்லீப்பிங்'கில், 2018-இல், கணக்கு முடிகிறது. இடையில் பீட்டரின் நெருங்கிய தோழி லெஸ்லி அந்த எதிரியின் பக்கம் சாய்ந்த துரோகம் தொடரையே இழுத்துக்கொண்டு ஓடியது. 2020-இல் 'ஃபால்ஸ் வேல்யூ' ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்குள் பீட்டரைப் புது வழக்கோடு அனுப்பியபோது, எழுத்து அதே சுறுசுறுப்போடு இருந்தும் ஏதோ குறைந்தது. மலை மாட்டை அவிழ்த்து விட்டாயிற்று. தொழுவத்து மாடு நல்ல மாடுதான், ஆனால் அவசரம் இல்லை. போதாததற்கு, 2015 முதல் காமிக்ஸ், பிறகு குறுநாவல்கள் என்று கதை கிளை பரப்பிக்கொண்டது. நாவல் மட்டும் படிக்கிறவருக்குத் தாம் இல்லாத நேரத்தில் வீட்டில் விசேஷம் நடந்து முடிந்த உணர்வு.

ஆக, எந்த மாடு ஜெயித்தாலும் வண்டியில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிந்துவிடும். இந்த வகைக் கதையின் கஷ்டமே அதுதான்.

நம் பக்கத்துக் காரணங்களும் உண்டு. அவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டிரெஸ்டன் 2000 முதல் 2012 வரை ஏறக்குறைய வருஷத்துக்கு ஒன்றாக வந்தது. அப்படிப் படித்தவருக்கு, எந்திரங்கள் ஏன் பழுதாகின்றன, ப்ளூ பீட்டில் ஏன் நீலமாக இல்லை என்று ஹாரி ஒவ்வொரு புத்தகத்திலும் விளக்குவது உதவி. கடையில் எட்டாவது புத்தகத்தை முதன்முதலாகக் கையில் எடுக்கிறவருக்கும் அது தேவை. மாசத்துக்கு மூன்று என்று வரிசையாக விழுங்குகிறவருக்கோ அதே விளக்கம் எட்டாம் தடவை. ஹாரியின் நக்கல், ஒவ்வொரு பெண் நுழையும்போதும் அவன் கண் போகிற இடம், இவையும் அப்படியே. வருஷம் ஒரு முறை கேட்டால் பழக்கம். வாரம் ஒரு முறை கேட்டால் எரிச்சல். இதற்கு நேர் எதிர் ஆபத்து, ஆறு வருஷ இடைவெளி. முப்பது நாற்பது பாத்திரங்களில் யார் யாருக்குக் கடன்பட்டவர் என்பது மறந்துபோய், புதுப் புத்தகம் பரீட்சை மாதிரி முன்னால் நிற்கும்.

சரி, என்ன செய்வது? முதலில், உங்களுக்கு எது போயிற்று என்று கண்டுபிடியுங்கள். அந்த ஆள் மேல் இன்னும் பிரியம் இருக்கிறது, அளவுதான் தாங்கவில்லை என்றால், ஹாரியின் சிறுகதைத் தொகுப்புகள் 2010-இல் 'சைட் ஜாப்ஸ்', 2018-இல் 'பிரீஃப் கேசஸ்' என்று இருக்கின்றன. அவற்றில் மந்திரவாதி இன்னும் ஒரு நாள் லீவுக்காகப் போராடுகிற மனிதன். பெரிய கதைதான் வேண்டும், ஆனால் அது முடிய வேண்டும் என்றால், இலோனா ஆண்ட்ரூஸ் என்ற பெயரில் கணவனும் மனைவியும் சேர்ந்து எழுதிய கேட் டேனியல்ஸ் கதை 2007 முதல் 2018 வரை பத்து நாவல்களில் முடிந்துவிட்டது. அங்கே அட்லாண்டா நகரத்தில் மாயம் அலை அலையாக வரும். மாயம் ஏறினால் சாதாரண கார்களும் துப்பாக்கிகளும் சும்மா கிடக்கும், இறங்கினால் மந்திரம் படுத்துவிடும். வானளாவிய கட்டடங்கள் மெல்ல மெல்ல உதிரும். எதிரி எவ்வளவு பெரிதானாலும் நகரம் கதையை விட்டு வெளியே போக வழியில்லை, ஏனென்றால் மாயம் முதலில் தின்பதே நகரத்தைத்தான்.

மூன்றாவது வழி, நிறுத்திக்கொள்வது. இதற்குத்தான் வாசகர்கள் அதிகம் தயங்குகிறார்கள். பத்து புத்தகம் படித்தாயிற்று, இப்போது விட்டால் அவ்வளவும் வீண் என்று ஒரு கணக்கு மனசில் ஓடுகிறது. கடமைக்குப் படித்து, வெறுத்து, கடைசியில் எழுத்தாளர் மேல் கோபத்தோடு முடிக்கிறவர்கள் உண்டு. சூக்கி ஸ்டாக்ஹவுஸ் தொடரைச் சார்லைன் ஹாரிஸ் 2013-இல் பதின்மூன்றாவது நாவலோடு தாமே முடித்தபோது, தாங்கள் நினைத்த ஜோடி சேரவில்லை என்று வாசகர்கள் கொதித்தது பெரிய செய்தியானது. கடைசி வரை இருந்ததால் கிடைத்த பலன் அது.

அந்தக் கணக்கில் ஒரு பிழை இருக்கிறது. ஒரே நாவலைப் பாதியில் மூடினால் அது பாதி. இந்தத் தொடர்களோ வழக்குகளால் ஆனவை. 'ஸ்டார்ம் ஃப்ரண்ட்'டில் கொலைகாரன் யார் என்று தெரிந்துவிட்டது. 'டெட் பீட்'டில் டைனோசர் சவாரி முடிந்து ஊர் பிழைத்துவிட்டது. ஏழு புத்தகம் படித்து நிறுத்தியவர் ஏழு கதைகளை முழுதாகப் படித்தவர். எட்டாவது வழக்கை எடுக்க மறுப்பது, துப்பறிகிறவருக்கு இருப்பதைப் போலவே வாசகருக்கும் இருக்கிற உரிமை. 'லைஸ் ஸ்லீப்பிங்' முடிந்ததும் லண்டனிலிருந்து கிளம்பலாம். 'டெட் பீட்' முடிந்ததும் சிகாகோவிலிருந்து கிளம்பலாம். அந்த இடத்தில் ஹாரிக்கு வீடு இருக்கிறது, கார் இருக்கிறது, மர்ஃபி இருக்கிறாள், வாடகை பாக்கியும் இருக்கிறது. "தொடரை முடித்துவிட்டீர்களா?" என்று யாராவது கேட்டால், எனக்கு வேண்டியது முடிந்தது என்று தயங்காமல் சொல்லுங்கள்.